கும்மிடிப்பூண்டியில் ஒரு துணி மாளிகை

காலை ஏழு மணி பாசஞ்சரில் சென்ட்ரலில் ஏறினேன். கும்மிடிப்பூண்டியில் புதுத் தொழிற்சாலைக்கு மந்திரி வந்து அடிக்கல் நாட்டும் விழா. அதற்குத் துணியிலேயே ஒரு மாளிகை எழுப்பியிருக்கிறார்களாம், பார்த்து எழுதுங்கள் என்று பத்திரிகை ஆசிரியர் அனுப்பிவைத்தார். நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம். பொன்னேரியில் மீன்கூடைகள் ஏறிய பிறகு கால் வைக்கவும் இடமில்லை.

ஸ்டேஷனிலிருந்து சைக்கிள் ரிக்ஷா ஒரு ரூபாய். முள்ளுக்காட்டு நடுவில் நின்றது மாளிகை. பொய் சொல்லக்கூடாது, அசந்துபோனேன். சவுக்குக் கம்பங்களிலிருந்து வெள்ளையும் மஞ்சளுமாகத் துணி தளரத் தொங்கியது. கூடம், நடை, சாப்பாட்டு அறை எல்லாமே துணி. காற்றடித்தால் சுவரே மூச்சு விட்டது.

கட்டியவர் பொன்னேரி ஏழுமலை. "இறுக்கிக் கட்னா கடல்காத்து கிழிச்சிடும் சார். லூசா வுட்டாத்தான் நிக்கும். ஒரு எடத்துல ரெண்டு துணிய மூட்டாமலே வுட்ருவோம், காத்து போய்வர" என்று அந்த இடுக்கை விலக்கிக் காட்டினார்.

இடுக்குக்கு அந்தப் பக்கம் குடிசைகள். நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள், முன்னால் நின்றவள் பெயர் தனம். அவர்கள் சேரிக்கு இருந்த ஒரே நல்ல தண்ணீர்க் கிணறு தொழிற்சாலை வேலிக்குள் போய்விட்டது. விழா முடிந்ததும் வேலியைப் பூட்டிவிடுவார்களாம்.

"எங்க பக்கம் எங்க தோண்டினாலும் உப்புத் தண்ணிதான் சார். கெணத்துக்கு வழி மட்டும் வுடச் சொல்லி மந்திரியாண்ட ஒரு வார்த்தை கேக்கணும். வாசல்ல போலீசு தொரத்துறான். ஏழுமல அண்ணன் இப்டி பூந்து வரச் சொல்லிச்சு" என்றாள்.

பதினொரு மணிக்குத் தொழிற்சாலை மேனேஜர் வந்தார். இடுக்கு வழியே பார்த்தவர் முகம் சுளித்தார். "குடிசை தெரியுதுய்யா! உள்பக்கம் இன்னொரு துணி போடு, முழுக்க!" ஏழுமலை என் முகத்தைப் பார்க்காமல் கட்டினார். கூலிக்கு வந்தவர் வேறென்ன செய்வார்! தனத்திடம் சொல்லக்கூட நேரமில்லை, மந்திரியின் கார் வந்துவிட்டது.

பேச்சு தொடங்கியது. பக்கவாட்டுத் துணி புடைத்தது. ஒரு தோள், ஒரு தலை, விரித்த ஒரு கை. இரண்டு துணிக்கும் நடுவே மாட்டிக்கொண்டு பெண்கள் வழி தேடி நகர்கிறார்கள்.

மந்திரி அதைக் கண்டு பூரித்துப்போனார். "பாருங்கள், என்ன அருமையான கடல் காற்று! இந்த மண்ணே நம்மை வரவேற்கிறது!" ஒரே கைத்தட்டல்.

நான் எழுந்து, "ஐயா, அது காற்றில்லை, ஆளுங்க!" என்று கத்தினேன். பின்னாலிருந்தவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "உக்காருங்க சார், போட்டோ மறைக்குது."

முடிந்ததும் ஓடினேன். துணிகள் முடிகிற இடம் சமையல்கட்டின் பின்புறம். எச்சில் இலைக் குவியலருகே பெண்கள் வியர்த்து நின்றார்கள்.

"முன்னால ஒரு துணி, பின்னால ஒரு துணி. கத்திக்கினே போனோம் சார், மைக்கு சத்தத்துல எவன் காதுல வுழும்?" என்ற தனம், "மந்திரி இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள்.

சொன்னேன். அவள் தூவென்று துப்பிவிட்டு நடந்தாள்.

நான் ரிக்ஷா ஏறும்போதே வேலிக்கதவில் பூட்டுத் தொங்கியது. வண்டியில் வழியெல்லாம் எங்கள் ஊர் நினைப்புதான். அங்கே பிணத்தைக் குளிப்பாட்டும்போது நாலு பேர் வேட்டியைப் பிடித்துச் சுற்றிலும் மறைப்பார்கள். கும்மிடிப்பூண்டியில் அதை உயிரோடிருப்பவர்களுக்கே செய்துவிட்டார்கள். அதுவும் தண்ணீர் ஊற்றாமல்.