தெரியாது என்று சொன்னவர்

கட்டடத் தளத்தில் அவரை 'ஏணி' என்றால்தான் தெரியும். ஆறடி இரண்டங்குலம். போதாக்குறைக்கு வேலையும் உயரத்தில்தான். காலை ஏழு மணிக்குக் கிரேனின் உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கேபினில் ஏறி உட்கார்ந்தால், டன் கணக்கான கம்பிக் கட்டுகளைப் பூப்போலத் தூக்கிப் பூப்போல இறக்குவார். காற்றில் கேபின் ஆடும்போது கீழே நிற்பவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். அவர் பாட்டுக்கு டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

அப்பேர்ப்பட்ட ஆளுக்கு ஊசி என்றால் உயிரே போய்விடும்.

"தேளை வெறுங்கையால தூக்கி எறியிற மனுஷன், ஊசியப் பார்த்தா என் முதுகுக்குப் பின்னால ஒளியிறாரு" என்று அவர் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். தையல்காரியான அவருக்கு ஊசி விளையாட்டுச் சாமான். ஏணிக்கு அப்படியல்ல. ஏழு வயதில் ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் நின்று, நரம்பு கிடைக்காமல் தன் அம்மாவின் கையில் மாற்றி மாற்றிக் குத்தியதைப் பார்த்தவர் அவர். அம்மா வீடு திரும்பவில்லை. அதற்குப் பிறகு மருந்து வாசனை பட்டாலே உள்ளங்கை வியர்த்துவிடும். வேலைக்குச் சேரும்போது கம்பெனி ஆட்கள் நாலு பேர் அமுக்கிப் பிடித்துத்தான் அவரிடமிருந்து ரத்தம் எடுத்தார்கள். அடையாள அட்டையில் 'ஓ நெகட்டிவ்' என்று அச்சாகி வந்தது. லேசில் கிடைக்காத வகை.

மற்றபடி கொடுப்பதில் அவர் கை சளைத்ததில்லை. சபையில் யாராவது வீடு மாற்றினாலும், சவப்பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்றாலும் முதல் ஆளாக நிற்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர் பிரசங்கத்தில், "நமக்குச் சுலபமா வர்றத மட்டும் குடுத்துட்டு, அதுக்குக் கீழ்ப்படிதல்னு பேர் வைக்காதீங்க" என்று சொன்னபோது, எல்லோரையும் விடச் சத்தமாக ஆமென் சொன்னவர் அவர்தான்.

புதன்கிழமை பகல் பன்னிரண்டே காலுக்கு, மேலே கேபினில் இருந்தபோது போதகரின் போன் வந்தது.

"தம்பி, பெரிய ஆஸ்பத்திரியில பிரசவமான ஒரு பொண்ணு. குழந்தை பொழச்சிடுச்சு. தாய்க்கு ரத்தப்போக்கு நிக்கல. ஓ நெகட்டிவ். அங்க இருந்த ரெண்டு பையும் ஏத்தியாச்சாம். சபையில உங்க ஒருத்தர் பேருதான் என் நோட்டுல இருக்கு."

"யாரு பொண்ணுய்யா?"

"நம்ம ஆளுங்க இல்ல. யாருன்னே தெரியாது. பரிசோதனைக்கே நேரம் ஆகும், ஒரு மணிக்குள்ள வரச் சொல்றாங்க."

"வர்றேன்யா" என்று வாய் சொல்லிவிட்டது. மனசு சொல்லவில்லை.

பத்து வருஷமாக ஏறி இறங்கிய கிரேன் படிகளில் அன்று முதல் தடவையாகக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். கீழே வந்து மனைவிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

"தைக்கிறத அப்படியே போட்டுட்டு வர்றேங்க. நான் வர்ற வரைக்கும் எங்கயும் ஓடிடாதீங்க" என்றார் மனைவி.

ஆஸ்பத்திரி வாசலை மோட்டார் சைக்கிளில் இரண்டு தடவை தாண்டிப் போனார். மூன்றாவது தடவை எப்படியோ உள்ளே திரும்பி, வண்டி நிறுத்துமிடத்தில் நிறுத்தினார். மணி பன்னிரண்டே முக்கால்.

அங்கே ஒரு பெரியவர். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. கையில் கசங்கிய சீட்டு. வண்டியை விட்டு இறங்கும் ஒவ்வொருவரையும் மறித்து, "உங்க ரத்தம் என்ன குரூப்புங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சிலர் பதில் சொன்னார்கள். சிலர் பிச்சைக்காரர் என்று நினைத்து விலகிப் போனார்கள். பெரியவர் ஏணியின் முன்னாலும் வந்து நின்றார்.

"தம்பி, உங்க ரத்தம் என்ன குரூப்?"

"தெரியாதுங்க."

யோசிக்கும் முன்பே வந்துவிட்டது பொய்.

"பரவாயில்ல தம்பி" என்று பெரியவர் கும்பிட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

அந்தக் கும்பிடு செருப்படியைவிட மோசமாக விழுந்தது. ஏணி வண்டியின் மேல் உட்கார்ந்தபடியே இருந்தார். சாவி துவாரத்தில் இருக்கிறது. திருகினால் போதும், போய்விடலாம். 'ஆண்டவரே, வேற எதையாவது கேளும்' என்று உள்ளுக்குள் கெஞ்சினார். 'ரெண்டு ஆள் வேலை செய்யச் சொல்லும், செய்யறேன். இத மட்டும் கேக்காதேயும்.' நிமிர்ந்து பார்த்தார். பெரியவர் இப்போது பள்ளிச் சீருடையில் வந்த ஒரு சின்னப் பெண்ணிடம் குனிந்து அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. எழுந்து ஓடினார்.

"ஐயா! எனக்குத் தெரியும். பொய் சொல்லிட்டேன். ஓ நெகட்டிவ்."

பெரியவர் சீட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திருடனைப் பிடித்த மாதிரி மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, "நட தம்பி, நட" என்று இழுத்துக்கொண்டு போனார்.

ரத்த வங்கிக் கட்டிலில் படுத்தபோது கட்டிலே கிடுகிடுவென்று ஆடியது. "இப்படி நடுங்குனா எப்படிங்க நரம்பு கிடைக்கும்?" என்றார் நர்ஸ். நரம்பு என்ற சொல்லைக் கேட்டதும் ஏணிக்கு அம்மாவின் கை கண்ணில் வந்தது. எழுந்துவிடத் தோன்றிய அந்த நொடியில், மூச்சிரைக்க மனைவி வந்து சேர்ந்தார். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது.

"சுவரப் பாருங்க. கம்பிக் கட்ட எப்படி இறக்குவீங்க, எனக்குச் சொல்லிக் குடுங்க."

"இப்பவா?"

"இப்பத்தான்."

"மொதல்ல காத்து எந்தப் பக்கம்னு பாக்கணும்... அப்புறம் கை சைகை குடுக்கிறவனப் பாக்கணும்... கொக்கிய மெதுவா, ரொம்ப மெதுவா..." ஊசி இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டார். "...ஆட்டம் நிக்கிற வரைக்கும் அவசரப்படக்கூடாது."

"அவ்வளவுதான், ஏறியாச்சு" என்றார் நர்ஸ்.

கொஞ்ச நேரம் கழித்து, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஓரக்கண்ணால் குழாயைப் பார்த்தார். தன்னுடைய ரத்தம், யாரென்றே தெரியாத ஒருத்திக்காகப் போய்க்கொண்டிருந்தது. அடிவயிற்றிலிருந்து என்னமோ பொங்கி வந்தது. அழுகை என்று நினைத்தார். பார்த்தால் சிரிப்பு.

"என்னங்க, தலை சுத்துதா?"

"இல்ல. சந்தோஷமா இருக்கு. பயம் அப்படியேதான் இருக்கு, ஆனாலும் சந்தோஷமா இருக்கு."

முடிந்ததும் அவசரப்பட்டு எழுந்தவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். இரண்டு ஊழியர்கள் தூக்கிப் பார்த்துத் தோற்றார்கள். "இவரத் தூக்க ஒரு கிரேன் வேணும்" என்றார் நர்ஸ்.

அதன் பிறகு காத்திருப்பு. அறுவைச் சிகிச்சை அறைக்கு வெளியே பெஞ்சில் அந்தப் பெண்ணின் அப்பாவான பெரியவர், பக்கத்தில் ஏணியும் மனைவியும். மூன்று மணி ஆயிற்று, நாலு ஆயிற்று. கதவு திறக்கும்போதெல்லாம் மூவரும் சேர்ந்து எழுந்தார்கள், சேர்ந்து உட்கார்ந்தார்கள்.

"தெரியாதுன்னு ஏன் தம்பி சொன்னீங்க?" என்று பெரியவர் மெல்லக் கேட்டார்.

"பயம்யா. ஊசிக்கு."

பெரியவர் அவரை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். பிறகு ஏணியின் முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டார்.

ஐந்தரைக்கு டாக்டர் வந்தார். "ரத்தப்போக்கு நின்னுடுச்சு. ஆனா நாளைக்கு வரைக்கும் உறுதியா எதுவும் சொல்ல முடியாது." வியாழன் போனது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரியவர் போன் செய்தார்: மகள் எழுந்து உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டாள்.

ஆறு வருஷம் ஆகிறது. ஊசி பயம் இம்மியும் குறையவில்லை. ஆனாலும் நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஏணி போய் ரத்தம் கொடுக்கிறார். தளத்திலிருந்து ஆட்களையும் சேர்த்துக்கொள்கிறார். போன மாதம் முதல் தடவையாக வந்த வெல்டர் ஒருவர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அண்ணே, வலிக்குமா?"

"வலிக்கும். எனக்கும் கை காலெல்லாம் நடுங்குது பாரு" என்றார் ஏணி. "வா, சேர்ந்தே போவோம்."