மீன் இல்லை என்பதற்கு ஒரு சாட்சி

கல்யாணப் பேச்சுக்கு இடம் பார்க்கும் பொறுப்பை என்னிடம் விட்டதுதான் எல்லாரும் சேர்ந்து செய்த முதல் தப்பு. எனக்குச் சும்மாவே எதையும் ஒரு படி கூடுதலாகச் செய்கிற புத்தி. உப்பு போதுமா என்று கேட்டால், போதும் என்று சொல்லிக்கொண்டே இன்னும் ஒரு கை போடுகிற ஆள் நான்.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமம் எங்கள் ஊர். அப்பா நாற்பது வருஷம் வள்ளத்தில் போய் மீன் பிடித்தவர். முழங்கால் மடங்க மறுத்த பிறகு, கரையில் உட்கார்ந்து மற்றவர்களின் கிழிந்த வலைகளைச் சரிசெய்து கொடுக்கிறார். எனக்குத் துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்புகிற ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை. அங்கே என் எதிர் மேசைக்காரர்தான் நான் கட்டிக்கொள்ள நினைத்த அவர். சொந்த ஊர் வி.கே.புரம். விக்கிரமசிங்கபுரம் என்று முழுசாகச் சொல்ல அங்கே யாருக்கும் பொறுமை கிடையாது. அவருடைய அப்பா அந்த ஊர் நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தலைமுறை தலைமுறையாகச் சைவம். கேக்கில் முட்டை சேர்ந்திருந்தால் முகர்ந்தே கண்டுபிடித்துவிடுவாராம்.

மூன்று வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து பழகிய பிறகு, ஒருவழியாக அவர் வீட்டில் வாயைத் திறந்தார். சாமி வேறு என்பதற்காக வீடு ரெண்டுபடும் என்று நாங்கள் பயந்திருந்தோம். அவருடைய அப்பா அதைத் தூசி மாதிரி தட்டிவிட்டாராம்.

“சாமி வேறயா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்லே. நம்ம வீட்லயே ஆளுக்கொரு சாமிதான கும்பிடுதோம். ஆனா மீன் வாசம் அடிக்கிற வீட்டுல நான் எப்படிப் போயி பச்சத் தண்ணி குடிப்பேன்? ஒரே ஒரு தடவ பாக்கேன். அதுவும் வெளிய எங்கனயாவது. பாத்துட்டு முடிவு சொல்லுதேன்.”

அப்பாவை மீறித் தாலி கட்டமாட்டேன் என்று அவர் என்னிடம் முதலிலேயே சொல்லியிருந்தார். நேர்மையான மனுஷன்தான். ஆனால் அந்த நேர்மையைக் கேட்டு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆக, அவருடைய அப்பாவான வி.கே.புரத்தாரின் அந்த ஒரு மதியச் சாப்பாட்டில்தான் என் தலையெழுத்து இருந்தது.

இரண்டு ஊருக்கும் பொதுவாகத் திருநெல்வேலி என்று முடிவாயிற்று. அங்கே சைவ ஓட்டலுக்கா பஞ்சம்? ஆனால் எந்த ஓட்டலுக்குப் போனாலும் அவருடைய அப்பாவுக்குத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்து மேசையில் இருப்பார், என்ன விசேஷம் அண்ணாச்சி என்பார், அங்கேயே கதை கந்தல். யோசித்துக்கொண்டிருந்தபோது அலுவலகத் தோழி ஒருத்தி வழி சொன்னாள். அங்கே ஒரு மாலின் மேல்மாடியில் புதிதாக ஒரு வீகன் கடை வந்திருக்கிறதாம். இறைச்சி இல்லை, முட்டை இல்லை, பால், தயிர், நெய் எதுவுமே இல்லையாம். எனக்குப் பல்ப் எரிந்தது. அவர்கள் சைவம் என்றால் நான் அவர்களைச் சைவத்துக்கும் மேலே ஒரு சைவத்துக்குக் கூட்டிப்போகிறேன். கடற்கரைக்காரிக்கு இவ்வளவு பதவிசா என்று அசந்து போகட்டும். போய்ப் பார்த்து வந்தேனா என்று கேட்காதீர்கள். போயிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

அன்றைக்கு அம்மா வரவில்லை. “நான் வந்தா வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டேன், காரியம் கெட்டுரும்” என்று அவளே சொல்லிவிட்டாள். அப்பா காலையில் ஒரு தரம் குளித்தார். கிளம்பும் முன் இன்னொரு தரம் குளித்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கழுத்தெல்லாம் பவுடர். பிறகு என் பக்கத்தில் வந்து கையை நீட்டி மெதுவாகக் கேட்டார்.

“ஏளா, மோந்து பாரு. வாசம் அடிக்கா?”

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்ல! காற்றுக்கும் கடலுக்கும் அஞ்சாத மனுஷர். என்னால் இப்படிக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. பவுடர் வாசம்தான் அடிக்கிறது என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

மால் வாசலில் அவர் தன் அப்பா அம்மாவோடு நின்றிருந்தார். வி.கே.புரத்தார் ஒல்லி, நெற்றி நிறையத் திருநீறு, சிரிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யாத முகம். அவருடைய மனைவி குள்ளம். எஸ்கலேட்டரைப் பார்த்ததும் அந்த அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அறிமுகமாகி முழுசாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. “பைய, பைய, பிள்ள” என்று சொல்லிக்கொண்டே மேலே வரும்வரை விடவில்லை. ஒரு பாதி காரியம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

கடை முன்னால் போய் நின்று தலையை நிமிர்த்தியதும் அந்தப் பாதியும் போயிற்று.

பலகை முழுக்கப் பெரிய எழுத்தில், தமிழிலேயே போட்டிருந்தான் பாவி. சிக்கன் பர்கர். மட்டன் கீமா ரோல். இறால் 65. ஃபிஷ் ஃபிங்கர். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு பச்சை இலை. அந்த இலையை யார் பார்த்தார்கள்? வி.கே.புரத்தார் பலகையைப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு மகனைப் பார்த்தார். மகன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

கடைப் பெண் தலையில் பச்சைத் தொப்பியோடு ஓடி வந்து விளக்கினாள். எல்லாமே செடி கொடியில் செய்ததுதான் சார், பெயர் மட்டும்தான் அப்படி, இறைச்சி சாப்பிட்டுப் பழகினவர்கள் அதை விட்டுவிட்டு இதைச் சாப்பிடட்டும் என்று வைத்தது. வி.கே.புரத்தார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எனக்கு ஒரு தயிர் சாதம் போதும்மா” என்றார்.

“தயிர் கிடையாது சார்.”

“மோரு?”

“அதுவும் கிடையாது சார்.”

“சரி, காப்பி?”

“தேங்காய்ப்பால்ல போட்டுத் தாரேன் சார்.”

அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பிறந்தது முதல் மீன் தின்னாத மனுஷருக்கு மீன் பெயரில் எல்லாம் இருந்தது, அவர் தினமும் சாப்பிடுகிற ஒன்றுகூட இல்லை.

ஐந்து பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். வேறு வழி தெரியாமல் பலகையில் இருந்த நாலையும் வாங்கி நடுவில் வைத்தேன். யாரும் கை வைக்கவில்லை. வி.கே.புரத்தார் இறாலை உற்றுப் பார்த்தார். அது அசல் இறால் மாதிரியே வளைந்து, சிவந்து, வாலோடு இருந்தது. “இது இறால் இல்லன்னு அந்தப் பிள்ள சொல்லுது. இல்லன்னு நமக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

நியாயமான கேள்வி. மீனைத் தொட்டே பார்க்காதவர் மீன் இல்லை என்று எதை வைத்துச் சொல்வார்? மகனும் அப்படித்தான் வளர்ந்தவர். எங்களுக்குள் விடை தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, “நான் பாத்துச் சொல்லட்டா அண்ணாச்சி?” என்று கேட்டார். வீட்டிலிருந்து கிளம்பிய பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

வி.கே.புரத்தார் தட்டை அப்பா பக்கம் நகர்த்தினார்.

அப்பா இறாலை எடுத்து முதுகுப்பக்கமாக இரண்டாகப் பிளந்தார். “இறாலுக்கு முதுகுல கறுப்பா ஒரு நரம்பு ஓடும். இதுல இல்ல பாத்தியளா? வால் வெறும் சாயம்.” வாயில் போட்டு மென்றார். “கெழங்கு மாவு. தைரியமாச் சாப்பிடுங்க.” ரோலைப் பிரித்து உள்ளே இருந்ததை விரலால் நசுக்கினார். “மீல்மேக்கரு.” பர்கரின் நடுப்பாகத்தை நார் நாராகப் பிய்த்தார். அவர் சொல்வதற்குள் வி.கே.புரத்து அம்மா குனிந்து பார்த்துவிட்டு, “ஐயே, இது பலாக்காய்ல்லா!” என்றார். “பலாக்காயேதான்” என்றார் அப்பா.

அவர் ஒவ்வொன்றையும் ருசி பார்த்துச் சொல்லச் சொல்ல, வி.கே.புரத்தார் அதில் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ஒரு மீன்காரர் வார்த்தையை நம்பி ஒரு சைவக்காரர் இறால் தின்றுகொண்டிருக்கிறார்! இன்னும் ஒன்றுதான் பாக்கி.

ஃபிஷ் ஃபிங்கரை அப்பா உடைத்தார். “மீன் சதை ஏடு ஏடாப் பிரியும். இது உதிருது.” சரிதான் என்று நான் மூச்சுவிட்டேன். அப்பா அதை வாயில் போட்டார். மென்றார். மெல்லுவது நின்றது. இன்னொரு துண்டை எடுத்து முகர்ந்தார்.

அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மேசைக்கு அடியில் அவர் காலை ஓங்கி ஒரு மிதி மிதித்தேன்.

“என்னளா, காலப் போட்டு மிதிக்க?” என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

பிறகு வி.கே.புரத்தார் பக்கம் திரும்பினார். “அண்ணாச்சி, இதுல மீன் இல்ல. ஆனா கடல் இருக்கு. என்னன்னு எனக்குச் சொல்லத் தெரியல. நீங்க சாப்பிட வேண்டாம்.”

கடைப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டோம். மீன் வாசம் வருவதற்காகக் கடல்பாசிப் பொடி சேர்ப்பார்களாம். செடிதான் சார், செடிதான் என்று அவள் நாலு தரம் சொன்னாள். வி.கே.புரத்து அம்மா, “கடல்ல மொளச்சா என்ன, கீரதான?” என்று ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “நல்லாத்தான இருக்கு” என்றார். அவருடைய கணவர் அசையவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு தட்டைத் தள்ளி வைத்தார்.

போச்சு, எல்லாம் போச்சு. அப்பா மேல் எனக்கு அப்படி ஓர் ஆத்திரம். ஒரு தலையாட்டல், ஒரு ‘ஒண்ணுமில்ல அண்ணாச்சி’. மகளுக்காக அதைச் செய்தால் என்ன குறைந்து போகும்? அவர் என்ன கற்பூரம் அடித்தா சத்தியம் செய்யப் போகிறார்?

வி.கே.புரத்தாரும் ஏறக்குறைய அதையேதான் கேட்டார். “நீரு ஒண்ணுமில்லன்னு சொல்லியிருந்தா நான் பாட்டுக்குத் தின்னுருப்பேன். எனக்கு என்ன தெரியப்போவுது?”

“ஒங்களுக்குத் தெரியாது” என்றார் அப்பா. “எனக்குத் தெரியும்லா அண்ணாச்சி.”

வி.கே.புரத்தார் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தன் மனைவியிடம் திரும்பி, “வார ஞாயித்துக்கெழம நமக்கு வேற சோலி ஒண்ணும் இல்லல்லா?” என்று கேட்டார். இல்லை என்றார் அந்த அம்மா. “அப்பம் இவுக வீட்டுக்குப் போயிட்டு வந்துருவோம். முறைப்படி நாமதான போயிப் பேசணும்.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. எதிரே மகன் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தார். இந்த நல்ல நேரத்தில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். என் அப்பா மூடுவாரா?

“வாசம் இருக்கும் அண்ணாச்சி” என்றார். “நீங்க வந்தாலும் வருவியன்னு மூணு நாளாக் கழுவிப் பாக்கோம். சுவர்ல ஊறிப் போயிருக்கு. போகாது.”

“இருக்கட்டும்வே” என்றார் வி.கே.புரத்தார். “மூக்கு என்னோடது. அத நான் பாத்துக்கிடுதேன்.”

அப்போதுதான் நான் கவனித்தேன். நாங்கள் நாலு பேரும் மேசையை ஒட்டி உட்கார்ந்திருக்க, அப்பா இவ்வளவு நேரமும் தன் நாற்காலியை ஒரு முழம் பின்னால் போட்டு, கையை மட்டும் எட்டி நீட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அதை இப்போது இரண்டு கையாலும் தூக்கி, வி.கே.புரத்தாரின் தோளோடு தோள் உரசும்படி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.