கருவாட்டுக்குள் கம்மல்

பெட்டிகளைச் சுமந்து சுற்றி வரும் ரப்பர் பட்டை நின்றபோது அதன் மேல் ஒரே ஒரு பெட்டிதான் மிச்சம் இருந்தது. கறுப்புப் பெட்டி. என்னுடையது நீலம். அடையாளத்துக்காக அதன் கைப்பிடியில் என் மனைவி சிவப்பு ரவிக்கைத் துணி கட்டியிருந்தாள். மும்பையிலிருந்து சென்னைக்கு வருவதற்குள் நீலம் கறுத்து, துணி அவிழ்ந்திருக்குமோ என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பதற்றம் வந்துவிட்டால் எனக்கு மூளை இந்த அழகில்தான் வேலை செய்யும்.

காணாமல் போன பெட்டிக்குள் ஒரு பாலிதீன் பை. பைக்குள் செய்தித்தாள் பொட்டலம். பொட்டலத்துக்குள் வஞ்சிரக் கருவாடு. ஒரு கருவாட்டின் வயிற்றுக்குள் ஒரு ஜோடி தங்கக் கம்மல்.

இதை நான் சுயநினைவோடுதான் செய்தேன்.

கடலூரில் பம்பு செட் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். மும்பையில் வேலை பார்க்கும் தம்பி வீட்டுக்கு ஒரு வாரம் போயிருந்தேன். போகும்போது துறைமுகத்தில் வாங்கிய இரண்டு கிலோ கருவாட்டை மனைவி கட்டிக் கொடுத்தாள். தம்பி குடியிருக்கும் அடுக்குமாடியில் முதல் நாள் குழம்பு கொதித்ததுமே மூன்றாம் மாடியிலிருந்து ஆள் வந்தது. இரண்டாம் நாள் குடியிருப்போர் சங்கச் செயலாளரே வந்து, எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று மரியாதையாக விசாரித்தார். தம்பி கையெடுத்துக் கும்பிட்டான். "அண்ணே, நீ இருந்தாலும் பரவால்ல, அத எடுத்துட்டுப் போயிடு."

கம்மல் கதை வேறு. சிதம்பரத்தில் இருக்கும் என் தங்கைக்கு ஒரே மகள், ஐந்து வயது. தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு அவளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் காது குத்து வைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, தாய்மாமன் கொண்டுவந்த கம்மலால்தான் குத்த வேண்டும். நான் அதை மும்பையில் வாங்கினேன். "பாம்பேல வாங்கினதாம்" என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்ற சின்ன ஆசை.

அந்த ஆசைக்குப் பின்னால் ஒரு பழைய வடு உண்டு. தங்கையின் கல்யாணத்தில் மாலை கொண்டுவரும் பொறுப்பு எனக்கு. நான் நேராக வேறொரு மண்டபத்துக்குப் போய், முன்பின் தெரியாத ஒரு மாப்பிள்ளைக்கு மாலையைப் போட்டுக் கைகுலுக்கிவிட்டு, முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டேன். தேடிப் பிடித்து இழுத்து வருவதற்குள் முகூர்த்தம் முடியப் பார்த்தது. அன்றிலிருந்து தங்கையின் மாமியாருக்கு நான் 'மாலைக்காரரு'. "மாலைக்காரரு சௌக்கியமா?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் தங்கை ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து உள்ளே போய்விடுவாள். இந்தக் காது குத்திலாவது அவள் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு.

ஆகவே கம்மல் பத்திரமாக வந்து சேர வேண்டும். போகும்போது விமான நிலையச் சோதனையில் என் பையிலிருந்த சின்னப் பாக்குவெட்டியை எடுத்துவிட்டார்கள். பாக்குவெட்டியையே எடுத்தவன் கூர்முனை உள்ள கம்மலை விடுவானா? கையில் கொண்டுபோகக் கூடாது என்று நானே சட்டம் போட்டுக்கொண்டேன். பெரிய பெட்டியில் வைத்தால் யாராவது திருடிவிட்டால்? அப்போதுதான் மூலையில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த கருவாட்டுப் பொட்டலம் கண்ணில் பட்டது. எந்தத் திருடனும் அதற்குள் கைவிட மாட்டான். என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்தது புதன்கிழமை. வியாழக்கிழமை நான் பட்டைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

விமானக் கம்பெனி கவுன்ட்டரில் இருந்த பெண் புன்னகை மாறாமல் ஒரு படிவம் நீட்டினாள். பெட்டிக்குள் என்னென்ன என்று கேட்டிருந்தது. தங்கம் என்று எழுதினால், தேடுகிறவனுக்கு வழி காட்டினாற்போல ஆகிவிடும். எனவே 'துணிமணி, உணவுப் பொருள்' என்று எழுதினேன்.

"இருபத்திநாலு மணி நேரத்துல வீட்டுக்கே வந்துடும் சார். கவலையே படாதீங்க" என்றாள். அவள் கவலைப்படவில்லை என்பது நன்றாகவே தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி முதலில் கேட்டது கம்மலைத்தான்.

"எங்கங்க கம்மலு?"

"பெட்டில இருக்கு."

"பெட்டி?"

"கம்பெனிக்காரனே கொண்டாந்து குடுப்பான். இப்பல்லாம் அப்படித்தான். நம்ம தூக்க வேணாம்."

"இதென்ன புதுசா இருக்குது? வேற எதாவது ஒளறி வெச்சிட்டு வந்திருக்கீங்களா?"

இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவளிடம் பொய் சொல்வது வீண் வேலை. ஆனாலும் சொன்னேன். கருவாட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. கோயிலில் வைத்துப் பூஜை செய்து குழந்தையின் காதில் ஏறப்போகும் நகையை மீன் வயிற்றில் வைத்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

வெள்ளிக்கிழமை காலை வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தேன். 'தமிழில் தொடர எண் ஆறை அழுத்தவும்' என்றது. அழுத்தினேன். நல்ல தமிழில் நன்றி சொல்லிவிட்டுப் புல்லாங்குழல் வாசிக்க ஆரம்பித்தது. நடுநடுவே வாசிப்பை நிறுத்தி, என் அழைப்பு அவர்களுக்கு மிகவும் முக்கியம் என்றது. கடைக்கு வந்த நெல்லிக்குப்பம் கரும்பு விவசாயி ஒருவர் மோட்டாருக்கு பேரிங் வாங்கி, பேரம் பேசி, டீ குடித்துவிட்டுக் கிளம்பும்வரை வாசிப்பு ஓயவில்லை. "கச்சேரி நல்லா இருக்குதுங்க, யாரு வாசிக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கடைசியில் ஓர் ஆண் குரல் வந்தது. தமிழ் இல்லை. நாங்கள் பேசிய ஆங்கிலத்தைத் தமிழிலேயே தருகிறேன். என் ஆங்கிலம் தமிழில் இன்னும் நன்றாக இருக்கும்.

"உங்கள் பெட்டியில் என்ன உணவுப் பொருள் சார்?"

"உலர்ந்த மீன்."

"மீன் உயிரோடு இருக்கிறதா சார்?"

"இல்லை தம்பி. இறந்து ரொம்ப நாள் ஆகிறது."

"வருந்துகிறோம் சார்."

அவர் மீனுக்காக வருந்தினாரா, எனக்காகவா என்று தெரியவில்லை. புகார் எண் ஒன்று கொடுத்தார். ஏற்கெனவே ஓர் எண் இருக்கிறது என்றேன். அது பெட்டியின் எண், இது புகாரின் எண் என்றார். மத்தியானம் மறுபடி அழைத்தபோது, புகாரைப் பற்றிய புகாருக்கு மூன்றாவதாக ஓர் எண் கிடைத்தது. பெட்டி மட்டும்தான் கிடைக்கவில்லை.

சாயந்திரம் மின்னஞ்சல் வந்தது. நல்ல செய்தி: பெட்டி சென்னைக்கு வந்துவிட்டது. அடுத்த வரி: பெட்டியிலிருந்து துர்நாற்றம் வருவதாலும், உள்ளே கெட்டுப்போகும் உணவுப் பொருள் இருப்பதாகப் பயணியே தெரிவித்திருப்பதாலும், சுகாதார விதிகளின்படி உணவுப் பொருள் அழிக்கப்படும். துணிமணிகள் பத்திரமாக அனுப்பி வைக்கப்படும். சிரமத்துக்கு வருந்துகிறோம்.

அதாவது என் பழைய பனியன்கள் வீடு வந்து சேரும். கம்மல் குப்பைக்குப் போகும்.

கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவர்களை அழைத்தேன். இந்த முறை ஒரு பெண். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"மீனுக்குள் தங்கமா சார்?"

"ஆமாம்."

"மீன் விழுங்கிவிட்டதா?"

"நான்தான் வைத்தேன்."

பிறகு அவர் குரல் பாடப்புத்தகம் ஒப்பிப்பதுபோல ஆயிற்று. விலையுயர்ந்த பொருட்களைப் பெரிய பெட்டியில் வைத்தால் கம்பெனி பொறுப்பாகாது. நேரில் வரத் தேவையில்லை. குழுவினர் மூன்று வேலை நாட்களில் தொடர்பு கொள்வார்கள்.

"ஞாயிற்றுக்கிழமை காது குத்து" என்றேன்.

"ஞாயிறு வேலை நாள் இல்லை சார்."

சனிக்கிழமை விடிந்ததும் சென்னை பஸ் ஏறிவிட்டேன். மனைவியிடம், கம்பெனிக்காரன் என்னை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்க விரும்புகிறான் என்றேன். "கேட்டா வாங்கிட்டு வாங்க. அப்படியே கம்மலயும் வாங்கிட்டு வாங்க" என்றாள்.

விமான நிலைய வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவலர் பயணச்சீட்டு கேட்டார். பெட்டி என்றேன். பயணச்சீட்டு என்றார். மீன் என்றேன். துப்பாக்கியைக் கொஞ்சம் சரிசெய்துகொண்டார். அந்த நேரத்தில் தள்ளுவண்டிகளை வரிசையாகக் கோத்துத் தள்ளிக்கொண்டு வந்த ஊழியர் ஒருவர் நின்றார்.

"கருவாட்டுப் பொட்டி உங்களுதா?"

அழுதுவிடலாம்போல இருந்தது. இரண்டு நாளில் அந்தப் பெட்டியைப் பற்றிச் சரியாகப் பேசிய முதல் மனிதர்.

"ஆமாங்க. கடலூர்லேர்ந்து வரேன்."

"அதான பாத்தேன். நமக்குப் பரங்கிப்பேட்டைப் பக்கம். குப்பைல போடச் சொன்னாங்க. மோந்து பாத்தேன், வஞ்சரம். வஞ்சரத்தப் போயி எவனாவது குப்பைல போடுவானா? எங்க ரூம்லயே எடுத்து வெச்சிட்டேன். யாராவது தேடிக்கினு வருவாங்கன்னு தெரியும்."

"பிரிச்சீங்களா?"

"சேச்சே. ஆனா நேத்துலேர்ந்து எங்களுக்கு வெறுஞ்சோறு நல்லா எறங்குது."

அவர் காவலரிடம் இந்தியில் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பெட்டியோடு வந்தார். நடைபாதை ஓரத்தில், காவலரின் கண் முன்னால், பொட்டலத்தைப் பிரித்து ஒவ்வொரு கருவாடாக வயிற்றைத் தடவினேன். வெளிநாட்டுப் பயணிகள் இருவர் ஒதுங்கிப் போனார்கள். மூன்றாவது வயிற்றில் இல்லை. ஐந்தாவதிலும் இல்லை. ஊழியரே குனிந்து, "இன்னாங்க தேடுறீங்க, முட்டையா?" என்றார். ஏழாவதில் இருந்தது. இரண்டும் இருந்தன.

கருவாடு முழுவதையும் அவர் கையில் கொடுத்தேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நன்றாகச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

தாம்பரத்தில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் கைபேசி அதிர்ந்தது. குறுஞ்செய்தி. 'மகிழ்ச்சியான செய்தி! உங்கள் பெட்டி தங்கள் இல்லத்தில் வெற்றிகரமாக ஒப்படைக்கப்பட்டது.' பெட்டி என் காலடியில் இருந்தது.

நேராகச் சிதம்பரம் போய், தங்கை வீட்டுக் கொல்லைக் குழாயடியில் கம்மலைப் புளி போட்டுத் தேய்த்தேன். எலுமிச்சை, சீயக்காய், மஞ்சள், கடைசியில் பாத்திரம் விளக்கும் பவுடர். பின்னால் யாரோ நிற்பதுபோல இருந்தது. கடலூரிலிருந்து முன்பே வந்துவிட்டிருந்த என் மனைவி. குனிந்து என் கையை முகர்ந்தாள். உள்ளே போய்ச் சாம்பிராணிக் கரண்டியோடு வந்தாள்.

மறுநாள் சின்ன மண்டபம். மருமகள் என் மடியில். காது குத்தும் ஆசாரி கம்மலைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார்.

"எங்க வாங்கினது?"

"பாம்பேல."

"கடலோரமா?" என்றார்.

தங்கை என்னைப் பார்த்தாள். அவள் மாமியார் தங்கையைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து என் சட்டைப் பையில் கைபேசி அடித்தது. மடியில் குழந்தை, அணைக்கப் போன விரல் எதையோ அழுத்த, ஒலிபெருக்கியில் இனிமையான பெண் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. "வணக்கம். எங்கள் சேவை தங்களுக்கு எப்படி இருந்தது? ஒலிக்குப் பின் தங்கள் மேலான கருத்தைப் பதிவு செய்யவும்."

பீப் என்றது. ஆசாரி குத்தினார்.

என் மருமகள் போட்ட சத்தம் தெற்கு வீதிவரை கேட்டிருக்கும். நான் மூன்று நாளாகச் சொல்ல நினைத்ததையெல்லாம், சொல்லத் தெரியாததையும் சேர்த்து, அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். "தங்கள் கருத்துக்கு நன்றி" என்றது குரல்.

அழுகை ஓய்ந்ததும் அவள் என் விரலைப் பிடித்து முகர்ந்தாள். "மாமா, இன்னிக்குக் கருவாட்டுக் கொழம்பா?"

இதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? மும்பையிலிருந்து ஆரம்பித்து ஏழாவது வஞ்சிரம்வரை சபையிலேயே சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தது மாப்பிள்ளை, தங்கையின் கணவர். "மச்சான், பேங்க் லாக்கர்ல வெச்சாலும் இவ்ளோ சேஃப்டி வராது!" தங்கையின் மாமியார் சிரிக்கவில்லை. ஆசாரியிடமிருந்து, இன்னும் குத்தாத இன்னொரு கம்மலை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"வஞ்சரந்தான்" என்றார். "போவுது. இந்தத் தடவ நேரத்துக்கு வந்துட்டாரு கருவாட்டுக்காரரு."

நான் தங்கையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். எழுந்து உள்ளே போகவில்லை.