அழாமல் பார்த்துக்கொள்ளும் வேலை

நர்ஸ் உத்தியோகத்தில் ஊசி போடுவது சுலபம், அதைப் படிக்கும்போதே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். வார்டில் முதல் வாரம் அழாமல் நிற்பதற்குத்தான் பாடம் கிடையாது. தலையில் வெள்ளைத் தொப்பியைக் குத்திக்கொண்டு நின்றவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். மற்றவர்கள், உங்கள் வீட்டில் யாராவது நர்ஸ் இருந்தால் கேட்டுப் பாருங்கள். உடனே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

எழுபதுகளின் கடைசியில் அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் ஸ்டாஃப் நர்ஸ். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் எல்லாரும் ‘பெரிய சிஸ்டர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்குப் பின்னால் வந்தவர்கள் ஒருத்தரும் நிலைக்கவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

சோப்பு வாங்கப் போனவள்

ஒருத்தி கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று போனாள். இன்னொருத்தி சோப்பு வாங்கி வருகிறேன் என்று கடைத்தெருவுக்குப் போனவள் அப்படியே திருச்சி பஸ்ஸில் ஏறிவிட்டாள். பெட்டியை எடுக்க அவள் அப்பா வந்தார். பெட்டிக்குள் பிரிக்காத சோப்பு இருந்தது.

அதற்கப்புறம் ஒரே நாளில் இரண்டு பேர் வேலைக்கு வந்தார்கள். விஜிலா நாகர்கோவில் பக்கம். அஞ்சலை திருமானூர், அப்பா அம்மா இரண்டு பேரும் பண்ணையில் கூலி வேலை, குடும்பத்தில் படித்து உத்தியோகத்துக்கு வந்த முதல் ஆள் இவள்தான். எங்கள் மேட்ரன் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் சிரிக்கவில்லை. இரண்டு பேரையும் என் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டுச் சொன்னார்: “ஸ்டெல்லா, இதுங்க ரெண்டும் ஒன் பொறுப்பு. இனிமே யாராச்சும் சோப்பு வாங்கப் போனா, நீயும் கூடவே போயிடு.”

கொல்லை

விஜிலா கெட்டிக்காரி. கட்டுப்போடுவது, மருந்து கலப்பது எல்லாம் சுத்தம். எங்கள் பக்கத்துப் பேச்சுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. ஒருநாள் வயதான விவசாயி ஒருவரின் கட்டில் பக்கத்தில் நின்று அவள் வெகுநேரம் ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். அவர் முகம் தெளிவதாகத் தெரியவில்லை. என்ன விஷயம் என்று கேட்டேன்.

“பாவம் அக்கா, அட்மிட் ஆன நாள்ல இருந்து கொல்லைக்குப் போகல்லன்னு ஒரே வெசனம். நெலமெல்லாம் எங்கயும் ஓடிப்போவாது, ஒமக்குப் பதிலா மகன் போவான்னு சொல்லிட்டிருக்கேன்.”

எங்கள் ஊரில் கொல்லைக்குப் போவது என்றால் வயலுக்கு அல்ல, மலம் கழிக்கப் போவது. அதை அவளுக்கு எப்படி விளக்குவது என்று நான் யோசிப்பதற்குள் பெரியவரே வாயைத் திறந்தார். கோபமில்லை, உண்மையிலேயே சந்தேகம் கேட்டார்: “எம் மவன் போனா எனக்கு எப்புடிம்மா வவுறு லேசாவும்?”

முதல் ஊசி

அஞ்சலைக்குப் பாஷைக் கஷ்டம் இல்லை. அவளுக்குக் கைதான் நடுங்கியது. படிக்கும்போது ஒழுங்காகப் போட்ட ஊசிதான். இங்கே தானே பொறுப்பு என்று ஆனதும் நடுக்கம் வந்துவிட்டது. சமையல்கட்டிலிருந்து கத்தரிக்காய் வாங்கிவந்து குத்திப் பழகச் சொன்னேன். கத்தரிக்காய்க்கு அருமையாகப் போட்டாள். “அது என்னையப் பாக்க மாட்டேங்குதுல்லக்கா” என்றாள். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள், நடுக்கம் வெளியே தெரியாது என்று சொல்லிக்கொடுத்தேன். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானாகக் கண்டுபிடிக்க நிறையப் பேர் கஷ்டப்பட வேண்டியிருந்தது.

எறையூரிலிருந்து கரும்பு வெட்டும் ஆள் ஒருவர் காலில் அரிவாள் வெட்டோடு வந்தார். வாசற்படியில் குனிந்து நுழைகிற உயரம், பெரிய மீசை. அஞ்சலையை அனுப்பிவிட்டுப் பின்னால் நின்றேன். முழங்கையை ஒட்டிவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டுவிட்டாள். அவர் கண்ணைத் திறக்காமலே “கையி ரொம்ப நடுங்குச்சே பாப்பா” என்றார். அஞ்சலைக்கு முகம் வெளுத்துவிட்டது. “இல்லீங்க, வந்து...” என்று இழுத்தாள். அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். “ஒன் கைய யாரு சொன்னா? என் கையச் சொன்னேன். எனக்கு இதான் மொத ஊசி.”

தட்டுப் பிடித்தது

திருமானூர் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் காலில் ஆறாத புண்ணோடு வந்து சேர்ந்தார். அஞ்சலையைப் பார்த்ததுமே யார் மகள் என்று தெரிந்துகொண்டார். அவருடைய வயலில்தான் அவள் அப்பா வேலை பார்த்தார். அவள் நீட்டிய மாத்திரையை அவர் வாங்கவில்லை. கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு, “வேற யாரையாச்சும் வரச் சொல்லு” என்றார். அஞ்சலை டிரஸ்ஸிங் ரூமுக்கு வந்து, ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துணிகளையெல்லாம் பிரித்து மறுபடி மடித்தாள். அழவில்லை. “நீங்களே போயிடுங்கக்கா. எனக்கு ஒன்னுமில்ல” என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அன்று நானே போயிருந்தால் புண்ணுக்குப் போடும் கட்டை ரொம்ப இறுக்கியிருப்பேன். அதனால் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். மருந்துத் தட்டை நான் கையில் ஏந்திக்கொண்டு, அவளை முன்னால் விட்டேன். வார்டே பார்த்தது. பெரிய சிஸ்டர் தட்டுப் பிடித்து யாரும் பார்த்ததில்லை. “இந்த வார்டுல புண்ணுக்குக் கட்டுறது அவங்கதாங்க. நான் எடுத்துக் குடுக்க வந்தேன்” என்றேன். அவர் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், அஞ்சலையைப் பார்க்கவில்லை. பிறகு காலை மட்டும் நீட்டினார். அவள் பழைய துணியை நனைத்து, வலிக்காமல் எடுத்தாள். புண் ஆறி வீட்டுக்குப் போகிறவரை அவள்தான் கட்டினாள். அவர் திருந்திவிட்டார் என்றெல்லாம் சொல்லமாட்டேன். போகும்போது நன்றியும் சொல்லவில்லை.

அவர் வண்டி போனபிறகு அஞ்சலை ஜன்னல் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னாள்: “கடேசி வரைக்கும் எம் பேர அவுரு சொல்லவே இல்லக்கா, ‘சிஸ்டர்’னுதான் கூப்புட்டாரு. எங்கப்பாவ இத்தன வருசமா ‘டேய்’னு கூப்புட்ட வாயி.”

துணி மூட்டை

செட்டிகுளத்துப் பக்கமிருந்து மாட்டுவண்டியில் பிரசவத்துக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். தாமதமாகிவிட்டது. குழந்தை பிழைத்தது, அவள் பிழைக்கவில்லை. கடைசிவரை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது விஜிலா. மத்தியானம் விஜிலாவைக் காணோம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆள் அனுப்பிவிட்டு, அப்புறம்தான் துணி வைக்கும் அறையைத் திறந்தேன். சலவைக்குப் போகிற மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். டீ வாங்கி வந்து கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். டீ ஆறிப்போனது. “நான் வேற ஏதாவது செஞ்சிருக்கலாமா அக்கா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். இல்லை என்று நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

கதவு திறந்தது. மேட்ரன். இரண்டு பேருக்கும் வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் உள்ளே வந்து, இன்னொரு மூட்டைமேல் மெதுவாக உட்கார்ந்து, ஆறிப்போன அந்த டீயை எடுத்து முழுக்கக் குடித்தார். “எங் கையில மொதல்ல செத்துப்போனவ பேரு எனக்கு இன்னும் மறக்கல. ஒனக்கும் மறக்காது. மறக்கணும்னு நெனைக்காத. இப்ப மொகத்தக் கழுவிட்டுப் போயி அந்தக் கொழந்தைக்குப் பாலக் குடு, அது கத்திக்கிட்டே இருக்கு.”

பார்வையாளர் நேரம்

மறு வருஷம் லீவில் திருச்சிக்குப் போய்விட்டு ஒருநாள் காலை திரும்பினேன். பஸ்ஸில் வரும்போதே பேசிக்கொண்டார்கள்: கூலி ஆட்களை ஏற்றிவந்த டிராக்டர் கவிழ்ந்து எல்லாரையும் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இறங்கியதும் பையோடு ஓடினேன். வராந்தா முழுக்க ஆட்கள், ரத்தம், அழுகை. உள்ளே அஞ்சலை ஒருவர் கையில் மரச்சட்டம் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள், கை நடுங்கவில்லை. விஜிலா வாசலில் நின்று யாரை முதலில் டாக்டரிடம் அனுப்புவது, யார் காத்திருக்கலாம் என்று பார்த்துப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தாள். அன்று ஒரு உயிரும் போகவில்லை.

நான் கலர் புடவையில், கையில் பையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். விஜிலா ஒரு ஆளின் தலைக்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி என்னைத் தடுத்தாள். “சொந்தக்காரங்க எல்லாம் வெளிய நில்லுங்க, கூப்புடுறப்ப வந்தாப் போதும்!”

புதியவர்களைப் பழக்கும் வேலை முடிந்தது என்று யாரும் ஆர்டர் போட்டுச் சொல்வதில்லை, வாசலில் நிறுத்திவிடுகிறார்கள், நாமும் பையை வைத்துக்கொண்டு நின்றுகொள்ள வேண்டியதுதான்.