மாமியாரின் கட்டிலில் கேட்ட துஆ

சகோதரிகளே, என் மாமியார் இரண்டு வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்து மவுத்தானது எந்தக் கட்டிலிலோ, அதே இரும்புக் கட்டிலில்தான் என்னையும் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். போன மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். இடுப்பு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் இடுப்பு மூட்டையே மாற்றி, தையல் போட்டு அனுப்பினார்கள். மயிலாப்பூரில் எங்கள் சின்ன வீட்டில் இடுப்பை அதிகம் மடக்காமல் ஏறி இறங்க உயரமான கட்டில் அது ஒன்றுதான். அதைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மாமியாரும் இப்படித்தான் விழுந்தார். வயதாகிவிட்டது என்று அவருக்கு ஆபரேஷன் செய்யவில்லை. பேச்சு குறைந்த பிறகு, எதுவும் வேண்டுமென்றால் எவர்சில்வர் டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டுவார். டங், டங். அவர் போய் வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் நான் அங்கே தலைசாய்த்த நாளிலிருந்து, பட்டப்பகலில், வீடு அமைதியாக இருக்கும் நேரம் பார்த்து அந்தச் சத்தம் கேட்டது.

"மருந்து வேகம், ஜமீலா. எல்லாம் பிரமை" என்றார் என் கணவர். அவருக்கென்ன, அவர் ஹாலில் படுக்கிறார்!

பிசியோதெரபிக்கு தீபா என்று ஒரு பெண் வருவாள். "ஆன்ட்டி, பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டுங்க. தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி. அப்புறம் வாக்கரைப் புடிச்சு எழுந்து நிக்கலாம். ஆனா ரொம்பக் குனியக் கூடாது. தரையில உட்காரவே கூடாது."

"அப்போ நான் தொழுவுறது?"

"நாற்காலியில உட்கார்ந்து செய்யுங்க ஆன்ட்டி."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உன் இடுப்பு ஒடைஞ்சா தெரியும் சங்கதி" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பாவம், சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவள் தலை மறைந்ததும் பயிற்சியும் நின்றுவிடும். காலைத் தரையில் ஊன்ற நினைத்தாலே, விழுந்த அன்று எலும்பு முறிந்த அந்த 'மடக்' காதுக்குள் கேட்கும். ஆகவே படுத்தே கிடந்தேன். இனி நானும் இங்கேதான், இப்படியேதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

நோயாளி உட்கார்ந்தோ படுத்தோ தொழலாம் என்பது எனக்குத் தெரியாதா? பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுத்தவள் நான். ஆனாலும் நெற்றி தரையில் படும் சஜ்தா இல்லாத தொழுகை என் மனதுக்கு ஒப்பவில்லை. "யா அல்லாஹ், ஒரே ஒரு சஜ்தா கொடு. அதற்குப் பிறகு என்னை எடுத்துக்கொள்" என்று அழுது துஆ கேட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை. கணவர் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். பாங்கு கேட்டதும் என்னால் பொறுக்க முடியவில்லை. தொழுகை விரிப்பான முசல்லாவைத் தரையில் விரித்துப் போட்டு, வாக்கரைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினேன். பாதி வழியில் தொடை விறைத்தது. வாக்கர் நழுவியது. தண்ணீர் டம்ளர் வைத்திருந்த பக்கத்து ஸ்டூலையும் சாய்த்துக்கொண்டு, கட்டில் காலில் முதுகு உரச அப்படியே சரிந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. கத்திப் பார்த்தேன், யாருக்கும் கேட்கவில்லை.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. டங், டங், டங். இந்த முறை மிகப் பக்கத்தில். மாமியார் என்னைக் கூட்டிப்போக வந்துவிட்டார் என்றே நினைத்தேன். பயத்தோடு திரும்பிப் பார்த்தால், கீழே உருண்ட டம்ளர் என் கையில் இருக்கிறது. கட்டிலைத் தட்டிக்கொண்டிருப்பது நான்!

சகோதரிகளே, அவர் தட்டிய அதே மாதிரி நானும் தட்டிக்கொண்டிருந்தேன். என்னை எடுத்துக்கொள் என்று கேட்ட அதே வாய், "ரப்பே, என்னை எழுப்பிவிடு! இப்படி விட்டுவிடாதே! எனக்கு நடக்க வேண்டும்!" என்று கதறியது.

கதவைத் தள்ளிக்கொண்டு மாடி வீட்டு லலிதா ஓடி வந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. "இன்னாக்கா ஆச்சு? அந்த சத்தம் கேட்டதும் குலையே நடுங்கிடுச்சு. உன் மாமியார்தான் கூப்புடுறாங்கன்னு நெனைச்சேன். அப்பல்லாம் அது கேட்டா நான்தானே தண்ணி எடுத்துக்கினு வருவேன்!" வேறு எந்தச் சத்தத்துக்கும் அவள் அன்று இறங்கி வந்திருக்க மாட்டாள். மாடியில் டிவி அலறிக்கொண்டிருந்தது.

அவள் போன் செய்ததும் தீபா, "இழுத்துத் தூக்காதீங்க, காலை அசைக்காதீங்க" என்று சொல்லி ஆம்புலன்ஸ் அனுப்பினாள். மூட்டு நழுவியிருந்தால் மறுபடியும் ஆபரேஷன்தான். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "ஒண்ணும் ஆகலம்மா" என்றார். அல்ஹம்துலில்லாஹ். அங்கேயே அழுதுவிட்டேன்.

மறுநாள் முதல் தீபா சொன்னதையெல்லாம் செய்தேன். வலித்தது, அவளைத் திட்டினேன், ஆனாலும் செய்தேன். வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. நொச்சிக்குப்பம் வரை போய் நானே பேரம் பேசி மீன் வாங்கினேன். பயம் முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். சில மத்தியானங்களில் இன்னும் உடம்பு சிலிர்க்கும். பிஸ்மில்லாஹ் சொல்லிக் காலை ஊன்றி எழுந்துவிடுவேன்.

இந்தப் பெருநாளில் பெண்களோடு சேர்ந்து தொழ, என் காலால் நடந்தே போனேன். எல்லாரும் சஜ்தாவுக்குப் போனார்கள். நாற்காலியில் நான் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து தெரிந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. முடிந்தமட்டும் தலையைத் தாழ்த்தினேன். கண்ணிலிருந்து சொட்டியது நேராகத் தரையில் விழுந்தது. நான் கேட்ட சஜ்தாவை அவன் ஏற்றுக்கொண்டுவிட்டான் என்று என் மனது சொன்னது.

படுக்கையில் கிடந்து இதைப் படிக்கும் சகோதரியே, போதும், என்னை எடுத்துக்கொள் என்று மட்டும் கேட்டுவிடாதே. எழுப்பிவிடு என்று கேள். கேட்டுக்கொண்டே பாதத்தை ஆட்டு.