சுவிட்சில் தொங்கிய அம்மாவின் பெயர்

இந்த நினைவு மலரின் அட்டைப் படத்தில் அம்மா சிரிப்பதைப் பார்த்து, எப்போதும் சிரித்த முகமாக இருந்தவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தம்பி ஏதோ சொல்லி வம்பு செய்து எடுத்த படம் அது. அம்மா நல்லவர், கண்டிப்பானவர், வேலை நேரத்தில் சிரிக்காதவர். ஓய்வு பெற்ற பிறகும் அவருக்கு வேலை நேரம் முடியவில்லை என்பதுதான் எங்கள் வீட்டு நிலைமை. புத்த விகாரத்தில் பஞ்சசீலம் சொல்லி முடித்து, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், மகள் என்ற முறையில் எனக்குத் தெரிந்த அம்மாவைச் சொல்கிறேன்.

அம்மா பிறந்தது கோலார் தங்கச் சுரங்கத்தை ஒட்டிய ஊரிகத்தில், தொழிலாளர்களுக்கான ஒரு லைன் வீட்டில். தாத்தா சுரங்கத்தில் இறங்கியவர். ஒற்றை அறையில் உடன்பிறந்தவர்களோடு நெருக்கியடித்துப் படித்து, அம்மா ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தார். பொம்பளைப் பிள்ளைக்கு ஸ்பேனர் எதற்கு என்று லைன் முழுக்கப் பேசினார்களாம். கனரக இயந்திரத் தொழிற்சாலையில் ஹைட்ராலிக் பிரிவில் வேலை கிடைத்ததும், பேசிய அதே வாய்கள் தங்கள் பெண்களுக்கும் வழி கேட்டு வந்தன. அப்பா நந்திதுர்க் சுரங்கத்தில், ஆட்கள் கீழே இறங்கும் ஷாஃப்டின் வாசலில் நின்று வேலை பார்த்தவர். கூண்டில் இறங்கிய ஆட்கள் ஷிஃப்ட் முடிந்து ஒருவர் விடாமல் மேலே வந்துவிட்டார்களா என்று பார்த்துச் சொல்வது அவர் பொறுப்பு. சுரங்கம் மூடியபின் அம்மாவின் சம்பளத்தில்தான் குடும்பம் நடந்தது. அதைச் சொல்லிக்காட்டி அம்மா ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அப்பா மனம் நோகக்கூடாது என்பதற்காகவே வீட்டுக்கு எது வாங்கினாலும் "அப்பாவைக் கேளு" என்பார். அப்பாவும் பெரிய மனதோடு சம்மதிப்பார்.

இனி எங்கள் முன்னறையில் நிற்கும் ஓர் இயந்திரத்தின் கதைக்கு வருகிறேன். அம்மாவின் கடைசிக் காலத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அதை விட்டுவிட்டு எழுத முடியாது.

தம்பி பெங்களூரில் ஒரு காபிக் கடையில் வேலை பார்த்துவந்தான். விடியுமுன் ரயில் ஏறி, இருட்டிய பின் வந்து இறங்குவான். அவன் சூடாக ஒரு வாய் சோறு சாப்பிட்டுப் பார்க்கவில்லையே என்பது அம்மாவின் ஓயாத குறை. அந்தக் கடை மூடப்பட்டபோது, அங்கே கிடந்த பழைய எஸ்பிரெஸோ இயந்திரத்தை வாங்கி மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். ஊரிகம் ஸ்டேஷன் பக்கம் சொந்தமாக ஒரு காபிக் கடை போட வேண்டும், ரயிலில் போகிறவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டுத் தான் ஊரிலேயே இருந்துவிட வேண்டும் என்பது அவன் ஆசை. அது நடக்க வேண்டுமானால் இயந்திரம் ஓட வேண்டும். அதுவரைக்கும் வேறொரு கடையில் வேலைக்குச் சேர்ந்து பழையபடி ரயில் ஏறினான்.

முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்ற அதைச் சுற்றிவந்து அப்பா கேட்டார், "இன்னாடா இது, லாரி என்ஜினா?"

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "வெளியே பளபளன்னு கீது. உள்ளே இன்னா கீதோ, தொறந்தாத்தான் தெரியும்."

திறந்தார். பாய்லருக்குள் உப்பு படிந்து சுண்ணாம்புக் காளவாய் மாதிரி இருந்தது. எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றி ஊறவைத்து, கழுவி, மறுபடி ஊறவைத்தார். அடுத்து, சுவிட்சைப் போட்டால் வீட்டு மெயின் விழுந்தது. ஹீட்டர் சுருளில் மின்கசிவு என்று கண்டுபிடித்து, தம்பியிடம் சொல்லிப் புதிது வரவழைத்தார். பிறகு வேறொரு தொல்லை. முள் காட்டும் அழுத்தம் சரியாக இருக்கிறது. ஆவிக் குழாயைத் திறந்தால் ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிடுகிறது. அழுத்தம் காட்டும் கேஜ் கெட்டுவிட்டது, மாற்றிவிடலாம் என்றான் தம்பி.

"கேஜ் மேல பழி போடாதடா. உள்ள காத்து மாட்டிக்கினு கீது. அதுதான் முள்ளைத் தூக்குது, ஆவி இல்ல."

பாய்லரின் தலையில் காற்றை வெளியேற்றும் சிறிய வால்வு ஒன்று உண்டு. அது ஒட்டிக்கொண்டிருந்தது. கழற்றிச் சுத்தம் செய்ததும் ஆவி சீறிக்கொண்டு வந்தது. அன்றைக்கு மட்டும் அம்மா வேலை நேரத்தில் சிரித்தார்.

அம்மா செய்ததெல்லாம் சரி என்று எழுதினால் அவரே ஒத்துக்கொள்ள மாட்டார். காபி இறங்கும் இடத்தில் புது ரப்பர் கேஸ்கட் போட்டபோது, பழக்கதோஷத்தில் இயந்திரங்களுக்குப் போடும் கிரீஸைத் தாராளமாகத் தடவிவிட்டார். முதல் காபி அசெம்பிளி ஷாப் வாசனையோடு இறங்கியது. தம்பி வாயில் வைத்துவிட்டு வெளியே ஓடினான். அம்மா முழுவதையும் குடித்துவிட்டு, "எனுக்கு ஒண்ணும் தெரியலியே. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போனா மாதிரி கீது" என்றார். அப்புறம் தம்பி உணவுப் பொருளுக்கென்றே இருக்கும் கிரீஸை வாங்கிவந்தான்.

தொழிற்சாலையிலிருந்து அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்த பழக்கங்கள் இரண்டு. ஒரு நட்டை முறுக்கி முடித்தால் அதன்மேல் சிவப்பாக ஒரு கோடு இழுப்பார். கோடு இருந்தால் அந்த இடத்தில் வேலை முடிந்தது என்று பொருள். அதற்கு என் நெயில் பாலிஷ்தான் பலியானது. மற்றொன்று டேக். இயந்திரத்தைத் திறக்குமுன் சுவிட்சை அணைத்து, அதில் தன் பெயர் எழுதிய ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிடுவார். மாட்டியவர்தான் அதைக் கழற்ற வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது.

அப்பா ஒரு நாள் தொட்டார். அம்மா அன்று வீட்டு மெயினையே அணைத்து, அதில் அட்டையைத் தொங்கவிட்டிருந்தார். டி.வி.யில் சீரியல் முக்கியமான கட்டத்தில் நின்றுபோனதாம். அட்டையைத் தள்ளிவிட்டு மெயினைப் போட்டுவிட்டார். நல்லவேளை, அந்த நேரம் பார்த்து அம்மா ஸ்பேனர் எடுக்கப் பின்கட்டுக்குப் போயிருந்தார். திரும்பிவந்து பார்த்தவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"ஷாஃப்ட் வாசல்ல நின்ன ஆளுதானே நீங்க? என் பேரு தொங்குதுன்னா நான் உள்ளே இருக்கேன்னு அர்த்தம். நான் வெளியே வந்துட்டேனான்னு பாக்காம எப்படிங்க கை வெச்சீங்க?"

அப்பா போய் மெயினை மறுபடி அணைத்தார். அதன்பின் அந்த அட்டை தொங்கினால் அப்பா அந்தப் பக்கமே போகமாட்டார்.

கடைசியாக மிஞ்சியது பாதுகாப்பு வால்வு. அழுத்தம் மீறினால் திறந்துகொள்ள வேண்டிய வால்வு அது. பழையதை நம்பக் கூடாது என்று புதியது வாங்கிவைத்திருந்தார். அதை மாற்ற வேண்டும் என்று காலையில் டேக் மாட்டி உட்கார்ந்தவர், மதியம் மூச்சு வாங்குகிறது என்று படுத்தார். கோலார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இதயம் தளர்ந்துவிட்டது என்றார்கள். பேச முடிந்த கடைசி நாளில் தம்பியைக் கிட்டே கூப்பிட்டு, "டேக் அப்படியே கெடக்கட்டும். நான் வந்து எடுக்கிறேன்" என்றார். வரவில்லை. இந்த வரியை எழுத எனக்கு ஓர் ஆண்டு ஆகியிருக்கிறது.

அட்டை அப்படியே தொங்கியது. வால்வை மாற்றினாரா, பாதியில் விட்டாரா, எங்களுக்குத் தெரியாது. மூடியைத் திறந்து பார்க்கத் தம்பிக்குக் கை வரவில்லை. கடைக்குப் பார்த்து வைத்திருந்த இடத்தை வேறு யாரும் கேட்டுவிடுவார்களோ என்று கவலைப்பட்டபடியே விடியுமுன் ரயிலுக்குப் போய்வந்தான். "அம்மா எடுக்கிறேன்னு சொல்லிச்சு. நான் எப்படிக்கா எடுக்கிறது?" என்பான். அப்பாவோ முன்னறைக்கு வருவதையே குறைத்துக்கொண்டார். வெள்ளை உடுத்தி அம்மாவை வழியனுப்பி வைத்தோமே தவிர, அந்த அட்டை தொங்கியவரை எங்கள் மூவருக்கும் அவர் உள்ளே வேலையாகத்தான் இருந்தார்.

அம்மாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அன்று வண்டி எடுத்து ஓடிவந்த பக்கத்து வீட்டாருக்கும், அடுப்பு எரியாத நாட்களில் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த லைன் பெண்களுக்கும், பேத்தமங்களாவிலிருந்து வாரம் தவறாமல் வந்து அப்பாவோடு உட்கார்ந்திருந்த சித்தப்பாவுக்கும் எங்கள் நன்றி. சொல்லித் தீராத நன்றி ஒன்று பாக்கி இருக்கிறது. அது சரோஜா அத்தைக்கு.

அம்மாவோடு ஒரே செக்‌ஷனில் வேலை பார்த்தவர் அத்தை. போன ஞாயிற்றுக்கிழமை இந்த மலருக்குப் படம் கொடுக்க வந்தவர், அட்டையைப் பார்த்து நின்றுவிட்டார். நாங்கள் நடந்ததைச் சொன்னோம். மாட்டியவர் வர முடியாமல் போனால் என்ன செய்வது என்பதற்கும் செக்‌ஷனில் ஒரு முறை உண்டாம். கூட வேலை பார்த்தவர் திறந்து பார்த்து, ஆள் வெளியே வந்ததைத் தெரிந்தவரிடம் வாய்விட்டுக் கேட்டு, அதன்பிறகு கழற்றலாம்.

அத்தை புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மூடியைத் திறந்தார். டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தார். பாதுகாப்பு வால்வு புதியதாக இருந்தது. அதன் நட்டின் மேல் சிவப்புக் கோடு இருந்தது.

"அக்கா முடிச்சுட்டுத்தான் எழுந்திருக்காங்க" என்றார் அத்தை. எங்களுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் மூடியைப் பூட்டி, சுவிட்சின் அருகே போய் நின்று, வாசலில் நின்ற அப்பாவைப் பார்த்தார்.

"ஆள் வெளியே வந்தாச்சாண்ணா?"

அப்பா உள்ளே வந்து, இயந்திரத்தின் மேல் கையை வைத்தார். பிறகு ஷாஃப்ட் வாசலில் சொல்வதுபோல எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"மேலே வந்தாச்சு."

அத்தை அட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். தம்பி சுவிட்சைப் போட்டான்.