நானூறு என்று நம்பிய கறுப்பு மைதானம்

"ரீச்சர், அண்டைக்கு நான் மனம் வைக்காமல் ஓடினனான் எண்டு இப்பவும் நினைக்கிறீங்களோ?"

2023 யூலையில், நான் இப்போது இருக்கும் சுவிட்சர்லாந்தின் ரெனானில் நடந்த ஒரு கல்யாண வீட்டில், சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஆரணி கேட்ட கேள்வி இது. முன்பு டீட்டிகோனில் நான் நடத்திய சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்தவள். இப்போது இருபத்தாறு வயது, மருத்துவமனையில் வேலை. "பழசை விடு பிள்ளை" என்று சொல்லிவிட்டுத் தட்டில் ஒரு வடையை எடுத்து வைத்தேன். அது பதில் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

விசயம் இதுதான். 2011 கோடையில், எம்மன்புரூக்கேக்குச் சற்று வெளியே ஆற்றோரம் இருந்த ஒரு சிறு விளையாட்டரங்கில் எங்கள் தமிழ்ப் பள்ளிகளின் விளையாட்டுப் போட்டி நடந்தது. பதினான்கு வயது ஆரணி நானூறு மீட்டரை, அதாவது மைதானத்தின் ஒரு முழுச் சுற்றை, 62.4 வினாடியில் ஓடினாள். நேரம் எடுத்தவள் நான். அந்த உற்சாகத்தில் அவளை ஒரு சுவிஸ் ஓட்டக் கழகத்தின் தெரிவுப் போட்டிக்கு நானே அழைத்துப் போனேன். அங்கே 66.5. தெரிவாகவில்லை. அவளுடைய அம்மாவுக்கு முன்னால், "வேற பிள்ளையளைக் கண்டு பயந்திட்டாய், மனம் வைச்சு ஓடேல்லை" என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவள் ஓடவே இல்லை. மூன்று வருடத்தில் அந்த அரங்கையும் இடித்துவிட்டார்கள்.

அந்த இடத்தில் ஒரு முறை நின்று யோசித்தால் அவளுக்குச் சொல்ல ஒரு பதில் கிடைக்கும் என்று தோன்றியது. செப்டெம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் புறப்பட்டேன். நாடெங்கும் செல்லுபடியாகும் நாள் பயணச்சீட்டை இரண்டு கிழமை முன்பே வாங்கியதால், அரைக் கட்டண அட்டையுடன் 49 பிராங்க். ரெனானிலிருந்து லோசானுக்கு ஐந்து நிமிடம். அங்கிருந்து காலை 8.45க்கு லுசேர்ன் ரயில், இரண்டே கால் மணித்தியாலம். வலப்பக்க ஜன்னலோரம் இருங்கள். முதல் கால் மணி நேரம் ஏரியும் திராட்சைத் தோட்டங்களும் கீழே விரிந்து கிடக்கும். இடப்பக்கம் இருந்தால் மதில்தான்.

லுசேர்னில் வண்டி மாறிப் போய் இறங்கிய எம்மன்புரூக்கே நிலையத்தில் சிவம் அண்ணை காத்திருந்தார். உருக்காலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். 2011 போட்டிக்குச் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டவர் அவர்தான். இருவரும் பஸ் ஏறினோம். பதினொரு நிமிடப் பயணம்.

"அங்கை என்னத்தைப் பாக்கப் போறீங்கள் ரீச்சர்? இப்ப அங்கை ஆக்கள் குடியிருக்கினம்."

"அப்ப நீங்கள் ஏன் வாறீங்கள்?"

"மனுசி இண்டைக்கு ஜன்னல் துடைக்கச் சொன்னவ."

முன்னால் இருந்த பஸ் சாரதியும் தமிழர்தான் போலும். கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "அண்ணை, திரும்பி வாற பஸ் அரை மணித்தியாலத்துக்கு ஒண்டுதான். மனுசிக்கு அதைச் சொல்லியும் தப்பலாம்" என்றார்.

இறங்கி 600 மீட்டர் நடந்தோம். அரங்கு இருந்த இடத்தில் ஐந்து மாடிக் குடியிருப்புகள் நான்கு. ஆனால் தெற்குப் பக்கத்து நடைபாதை மட்டும் காரணமே இல்லாமல் வளைந்து போகிறது. ஓடுபாதையின் பழைய வளைவு அது. ஒரு பூச்செடிப் பாத்தியில் சிவம் அண்ணை சப்பாத்து நுனியால் கிளறினார். மேல்மண்ணுக்குக் கீழே கறுப்புக் கரிக் கசடு. அந்தக் கசடால்தான் நாங்கள் அதைக் கறுப்பு மைதானம் என்று சொல்வோம். போட்டி முடிந்து வீடு திரும்பும்போது பிள்ளைகளின் வெள்ளைக் காலுறைகள் எல்லாம் சாம்பலாகிவிடும். தாய்மார் என்னைத்தான் ஏசுவார்கள். மரப்படிகளில் உட்கார்ந்து கட்டுச் சோறு சாப்பிட்டதும், ஒலிபெருக்கி தமிழிலும் டொச் எனும் ஜெர்மன் மொழியிலும் மாறி மாறிக் கரகரத்ததும், பலகை வேலியில் ஆள் இடுப்பு உயரத்துக்கு இருந்த கறுப்புத் தேய்ப்புகளும் அங்கே நின்றபோது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அந்தத் தேய்ப்புகள் எப்படி வந்தன என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

அதற்கான விளக்கம் இரண்டாவது கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பொதுச் சலவை அறைக்குப் பக்கத்தில், அந்த மைதானத்தின் பழைய பொருட்களை வைத்திருக்கும் அறையில் இருக்கிறது. சனிக்கிழமைகளில் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை மட்டும் திறப்பார்கள். கட்டணம் இல்லை. ரூடி என்ற முதியவர் சாவியோடு வந்தார். இளமையில் இந்த மைதானத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர். எங்கள் பிள்ளைகள் ஓடுவதற்குப் பல வருடங்கள் முன்பு அது ஸ்பீட்வே பந்தய மைதானமாக இருந்திருக்கிறது.

ஸ்பீட்வே தெரியாதவர்களுக்கு: நான்கு பேர், நான்கு சுற்று. வண்டிக்குப் பிரேக் கிடையாது. வளைவில் பின் சில்லை வேண்டுமென்றே வழுக்கவிட்டுத் திரும்புவார்கள். சாமான் நிறைந்த கடைத் தள்ளுவண்டியை ஈரத் தரையில் வேகமாகத் திருப்பினால் அதன் பின்பக்கம் வெளியே இழுத்துக்கொண்டு போகுமே, அப்படி. பலகை வேலியின் தேய்ப்புகள் அந்த இழுவையில் வந்தவை. இடது காலை ஊன்றிச் சறுக்குவதற்கு அடியில் இரும்புத் தகடு வைத்த சப்பாத்து. கண்ணாடிப் பெட்டியில் ஒன்று இருந்தது. ரூடி அதை எடுத்து சிவம் அண்ணையின் கையில் கொடுத்தார்.

"இதைப் போட்டுக்கொண்டு ஓடினால் அந்த அரை மணித்தியால பஸ்ஸும் எனக்குக் கிடைக்காது" என்றார் அண்ணை. நான் அதை டொச்சில் சொல்ல, ரூடி வயிறு குலுங்கச் சிரித்தார்.

பிறகு ஒரு படத்தைக் காட்டி ரூடி பெருமையோடு சொன்னார்: "ஒரு பந்தயம் 1,496 மீட்டர். என்னுடைய சிறந்த நேரத்தை இந்த ஊரில் ஒருவரும் முறியடிக்கவில்லை."

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். என் வகுத்தல் கணக்கு இன்னும் ஓய்வு பெறவில்லை. நான்கால் வகுத்தேன். 374.

"ஒரு சுற்று நானூறு மீட்டர் இல்லையா?" என்று கேட்டேன்.

"374. உள் விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, ஒவ்வொரு வசந்தத்திலும் நாங்களே அளப்போம். இங்கே ஓட்டப் போட்டி யார் நடத்தினார்கள்?"

சிவம் அண்ணை சப்பாத்தை மெதுவாகப் பெட்டிக்குள் வைத்தார். "ரீச்சர், எல்லா மைதானமும் நானூறுதானே எண்டு நினைச்சுக் கோட்டைப் போட்டிட்டன். ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை."

"நானும் கேக்கேல்லை அண்ணை. நேரம் எடுத்தது நான்தானே."

வெளியே வந்து ஒரு வாங்கில் உட்கார்ந்து கைபேசியில் கணக்குப் பார்த்தோம். 374 மீட்டருக்கு 62.4 வினாடி என்றால், அதே வேகத்தில் நானூறு மீட்டருக்கு 66.7. தெரிவுப் போட்டியில் அவள் ஓடியது 66.5. அதிலும் கடைசி இருபத்தாறு மீட்டர் கால் கனக்கிற மீட்டர்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளை பயப்படவில்லை. எங்கள் மைதானத்தில் ஓடியதைவிட நன்றாக ஓடியிருக்கிறாள். அதற்குத்தான் நான் ஏசியிருக்கிறேன்.

அங்கிருந்தே ஆரணிக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன்.

"அப்ப என்னிலை பிழை இல்லையோ?"

"இல்லைப் பிள்ளை. பிழை என்னிலை. மன்னிச்சுக்கொள்."

"எனக்குச் சொல்லிட்டீங்கள். அம்மாவுக்கு ஆர் சொல்லுறது? நான் சொன்னா நம்பமாட்டா."

நாள் பயணச்சீட்டின் அருமை அப்போதுதான் தெரிந்தது. ரெனானுக்குத் திரும்பாமல், லுசேர்னிலிருந்து சூரிச் வழியாக, அவளுடைய அம்மா இன்னும் இருக்கும் டீட்டிகோனுக்குப் போனேன். மாற்றும் நேரத்தோடு ஒன்றேகால் மணித்தியாலம், மேலதிகச் செலவு இல்லை. கதவைத் திறந்த ஆரணியின் அம்மா, "சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறீங்கள், உள்ளுக்கை வாங்கோ" என்றார். நிலைப்படியில் நின்றே முழுவதையும் சொன்னேன்.

"ரீச்சர் சொன்னதை நம்பி, அண்டைக்கு வீட்டை வந்து நானும் அவளை ஏசினனான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. பிறகு தொலைபேசியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். மூடிய கதவுக்குப் பின்னால் நெடுநேரம் பேச்சுக் கேட்டது, நடுவில் ஒரு முறை சிரிப்பும் கேட்டது. வெளியே வந்து, "புட்டு அவிக்கிறன், சாப்பிட்டிட்டுத்தான் போறீங்கள்" என்றார். சாப்பிட்டேன்.

போக விரும்புகிறவர்களுக்கு: சனிக்கிழமையே போங்கள். பக்கத்தில் கடை இல்லை, சாப்பாடு கொண்டு போங்கள். ரூடியிடம் கேள்வி கேளுங்கள், அவர் காத்திருப்பதே அதற்குத்தான். எங்கள் பள்ளிகளின் 2011 பெறுபேற்றுப் பட்டியலில் நானூறு மீட்டர் என்று உள்ள இடமெல்லாம் 374 என்று திருத்தச் சொல்லி எழுதியிருக்கிறேன். அன்று ஓடிய மற்றப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் பிள்ளைகள் ஓடும் மைதானத்துக்கு அடுத்த முறை போகும்போது ஓர் அளவு நாடா கொண்டு போய், உள் விளிம்போரமாக ஒரு சுற்றை நீங்களே அளந்து பாருங்கள்.